அல்பாக்காவுக்கு மாட்டுப் பொங்கல்

1

புது வருடம் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. டெக்சாஸில் பிளானோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தமிழர்கள் முறை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். முதலில் நலம் விசாரிப்பு. அடுத்து பிள்ளைகளின் ஸ்கூல். அதற்கடுத்து எந்த கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்ற செய்தி. கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

"மல்லிகா ஆன்ட்டி, இந்த வருஷமும் மாட்டுப் பொங்கல் உங்க வீட்லதானே? கிட்ஸ் இப்பவே எக்சைட் ஆயிட்டாங்க."

இப்படிக் கேட்டவர் என்னைவிட மூன்று வயதுதான் இளையவர். வழுக்கை வேறு. இந்த நாட்டில் தங்களுக்கு ஒரு வருடம் முன்னால் விமானம் ஏறி வந்தவர்கள் எல்லோரும் ஆன்ட்டிதான்.

எங்களிடம் மாடு கிடையாது. அது கூப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும். போன பொங்கலுக்கு எங்களிடம் இருந்தவை மூன்று அல்பாக்கா. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அல்பாக்கா தென் அமெரிக்க மலைகளில் வளரும் பிராணி. ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரியது, கழுத்து நீளம். கொம்பு இல்லை. யாரும் பால் கறப்பதில்லை. ஏர் உழாது, வண்டி இழுக்காது. உடம்பு முழுக்க மெத்தென்று ரோமம். அந்த ரோமத்துக்காகத்தான் வளர்க்கிறார்கள் என்று நானும் முதலில் நம்பினேன்.

2

கிரீன் கார்டு வந்ததும் சிலர் வேலையை மாற்றுவார்கள். சிலர் வீடு வாங்குவார்கள். சிலர் ஊருக்குப் போய் பிள்ளைக்குக் காது குத்திக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்காரர் அல்பாக்கா வாங்கினார்.

அவர் பெயர் சென்னியப்பன். தொலைபேசி சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் எழுதுகிறார். ஆபீஸில் அவரை "சென்" என்றுதான் கூப்பிடுவார்கள். போனில் மட்டும் பேசிப் பழகியவர்கள் நேரில் வந்தால், அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து ஒரு சீனரைத் தேடுவார்கள். காங்கயம் பக்கத்துக்காரர். கால்நடை இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை என்று பிளானோவில் எட்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு வருடமும் கால்நடை இல்லாத வீட்டில் நன்றாகத் தூங்கவும் செய்தார்.

மாடு வளர்க்கலாமே என்றேன். டெக்சாஸில் மாடு வளர்ப்பவன் கடைசியில் அதைக் கறிக்குத்தான் அனுப்ப வேண்டும், தன்னால் ஆகாது என்றார். அல்பாக்காவைக் கொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால், ரோமத்தைக் கத்தரித்தால் போதும். இதைச் சொன்னவர், அல்பாக்கா விற்கும் ஓக்லஹோமாக்காரர் ஒருவர். ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடத்தினார். காபி இலவசம். நானும் போயிருந்தேன்.

குட்டி போடும், குட்டியை நல்ல விலைக்கு விற்கலாம் என்றார். யாரிடம் என்று கேட்டார்கள். புதிதாக வளர்க்க வருகிறவர்களிடம். அவர்கள் யாரிடம் விற்பார்கள்? அவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களிடம்.

நான் கையைத் தூக்கி, "ரோமத்தை யார் வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல கேள்வி" என்றார் ஓக்லஹோமாக்காரர். அமெரிக்காவில் பதில் இல்லாத கேள்வி எல்லாம் நல்ல கேள்விதான்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரான மெக்கின்னியைத் தாண்டிக் கொஞ்சம் நிலத்தோடு ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். மூன்று பிராணியும் வந்து இறங்கின. மூன்றும் வெள்ளை. வெள்ளைக்குத்தான் மதிப்பு, எந்தச் சாயமும் ஏறும் என்றார் விற்றவர். அது உண்மைதான். எவ்வளவு உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

3

நான் கரூர்க்காரி. அப்பாவுக்கு பெட்ஷீட்டும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் தொழில். எம்.காம். முடித்துவிட்டு அவர் ஆபீஸில் சாம்பிள் அனுப்புவது, வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் நான்தான் பார்த்தேன். கல்யாணமாகி இங்கே வந்தது டிபெண்டன்ட் விசாவில். அந்த விசாவில் வந்தவள் சமைக்கலாம், கார் ஓட்டலாம், பிள்ளை பெறலாம். சம்பாதிக்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தபோது எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. செய்ய வேலைதான் இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் "நீங்க என்ன பண்றீங்க?" என்று என்னைக் கேட்பதையே நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அது வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருட ரோமம் கருப்புக் குப்பைப் பைகளில் கட்டி கராஜுக்குள் போனது. இரண்டாம் வருட ரோமமும் போனது. கார் வெளியே வந்தது. ஆலங்கட்டி மழையில் காரின் மேல்பக்கம் பணியாரக்கல் மாதிரி ஆனபோது, இதை விற்றுத்தான் தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டேன். காலிங் கார்டு, நிமிடக் கணக்கு.

"மாசம் எத்தன டன் வரும் கண்ணு?" என்றார்.

"டன் எல்லாம் இல்லீங்க அப்பா. குப்பைப் பைல ஏழெட்டு இருக்கு."

"ஒரு நாளைக்கா?"

"ரெண்டு வருஷத்துக்கு."

"மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை நல்லாப் போகுதில்ல?" என்றார்.

மில்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் மரியாதையாக. ஒரு லாரிக்குக் குறைந்து வாங்குவதில்லை. பல பண்ணைக்காரர்கள் சேர்ந்து ரோமத்தை ஒன்றாகக் கொட்டி அனுப்பினால் பார்க்கலாம். சேர்ந்து கொட்டக் கூப்பிட்டால், மற்ற பண்ணைக்காரர்கள் எனக்குக் குட்டி விற்கப் பார்த்தார்கள். சிறிய அளவில் நூலாக்கித் தரும் மில் ஒன்று தொலைவில் இருந்தது. அங்கே வரிசையில் நின்றால் நம் முறை வருவதற்குள் அடுத்த ரோமம் வளர்ந்துவிடும்.

தமிழ் நண்பர் ஒருவர் ஒரு பை வாங்கிக்கொண்டார். குழந்தைக்குத் தலையணை செய்யப் போவதாகச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போனபோது பை கட்டு பிரிக்காமல் அவர் கராஜில் இருந்தது. முகத்துக்காக வாங்குவதை வியாபாரத்தில் சேர்க்க முடியாது.

அப்புறம்தான் டாரதி கிடைத்தார். எழுபது வயதிருக்கும். பக்கத்து ஊர் சர்ச் ஹாலில் வாரத்துக்கு ஒரு நாள் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி ராட்டையில் நூல் நூற்கிறார்கள். இங்கே சுதந்திரப் போராட்டம் எதுவும் நடக்கவில்லை. பொழுதுபோக்குக்காகத்தான். அந்தச் சங்கத்துக்கு டாரதி தலைவி. என் பையைப் பிரித்து, ஒரு கொத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் தூசு இருந்தது. முதுகு ரோமமும் கால் ரோமமும் கலந்து கிடந்தன. "இதை யாராலும் நூற்க முடியாது, ஹனி" என்றார். பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதுகு ரோமத்தைத் தனியாக எடு. ஓரத்து அழுக்கை அன்றைக்கே கிள்ளி எறி. ஒரு பிராணியின் ரோமத்தை இன்னொன்றோடு சேர்க்காதே. பைமேல் பிராணியின் பெயரை எழுது, முடிந்தால் போட்டோவும் ஒட்டு.

"பெயர் எதற்கு?"

"யாருடைய ரோமத்தை நூற்கிறோம் என்று தெரிய வேண்டாமா?"

கரூரில் எங்கள் பருத்திக்குப் பெயர் என்ன என்று எந்த ஜெர்மன்காரனும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டது. லாரிக் கணக்கில் வாங்குகிறவனிடம் ஒரு பையைக் காட்டக் கூடாது. ஒரு பை மட்டும் வாங்குகிறவளை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

வரும் வசந்தத்தில் அவர்கள் சங்கம் நடத்தும் ரோமச் சந்தைக்கு முன்னால், மூன்று பிராணியின் வெள்ளை ரோமத்தையும் சங்கமே விலைக்கு எடுத்துக்கொள்வதாக டாரதி சொன்னார். சுத்தமான வெள்ளையாக இருந்தால்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கறாராகச் சொன்னேன். இந்த வசந்தத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி, நிஜமாகவே வேண்டும் என்று, ஒரு பையாவது வாங்க வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் ஓக்லஹோமாக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவரும் சரி என்றார். எங்கள் மகள் நித்யாவுக்கு அப்போது பதினொரு வயது. மூன்றில் சின்னதுக்கு மார்ஷ்மெல்லோ என்று பெயர் வைத்து, என்னிடம் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசிக்கொண்டிருந்தாள். "தட்ஸ் சோ நாட் ஃபேர்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நிபந்தனை போட்டது நான். ஆனால் அந்த ஆர்டர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

4

போன வருடம் ஜனவரியில் ஒய்டூகே என்ற கம்ப்யூட்டர் தேதிக் கோளாறால் உலகம் முடியும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆபீஸிலேயே காத்திருந்தார்கள். முடியவில்லை. அதனால் பொங்கலுக்கு எல்லோருக்கும் நேரம் இருந்தது.

அமெரிக்காவில் நம் பண்டிகை எல்லாம் சனிக்கிழமைதான் வரும். மாட்டுப் பொங்கலும் வந்தது. தமிழ்ச் சங்கத் தலைவர், பிள்ளைகளுக்கு நம் கலாச்சாரம் தெரிய வேண்டும், கால்நடை உள்ள ஒரே தமிழ் வீடு உங்களுடையது என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு அதற்குமேல் கால் தரையில் படவில்லை.

வந்த கார்கள் சாலை வரை நின்றன. ஒருவர் கொம்புக்கு அடிக்கப் பெயின்ட் வாங்கி வந்திருந்தார். கொம்பு இல்லை என்றதும் வருத்தப்பட்டு, பெயின்டைத் திருப்பிக் கொடுக்க ரசீதைத் தேடினார். மாலை போட்டார்கள். பிராணிகள் மாலையைத் தின்றன. ஒன்று சங்கத் தலைவர் மேல் துப்பியது. அடுத்த தேர்தலைப் பற்றி அது சொன்ன கருத்து என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மஞ்சத்தண்ணி தெளிப்பது வழக்கம். மாவிலையால் தொட்டு நாலு சொட்டு. இங்கே மாவிலைக்குப் பதில் ஓக் மரக் கொத்து. மஞ்சள் மட்டும் அசல், ஈரோட்டிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பியது. எங்கள் வீட்டுக்காரர் பெரிய பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வைத்துவிட்டு, பொங்கல் பொங்கிவிட்டது என்று கூப்பிட்டார்களாம், அடுப்புப் பக்கம் போனார். நான் சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன்.

வந்திருந்த பிள்ளைகள் கையில் தண்ணீர்த் துப்பாக்கி இருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தபோது வாளி காலி. மூன்று அல்பாக்காவும் கழுத்திலிருந்து வால் வரை சாமந்திப்பூ நிறத்தில் நின்றன. பெற்றோர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, தே லுக் லைக் ஹைலைட்டர்ஸ்" என்றாள் நித்யா. அவள் கையிலும் துப்பாக்கி.

"ஆன்ட்டி, வெரி ட்ரெடிஷனல்!" என்று கைகுலுக்கினார் ஒருவர். நான் வடைக் கரண்டியோடு நின்றேன். அழுகை வந்தது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அவர் பிராயச்சித்தத்தைத் தொடங்கியிருந்தார். ஹோஸ் பைப், பாத்திரம் கழுவும் சோப்பு.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும். எங்கள் கல்யாணத்தில் அவருக்கே எத்தனையோ தடவை சுற்றினார்கள். சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும் என்று சாஃப்ட்வேர் எழுதும் மனிதருக்குத் தோன்றவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மூன்று பிராணியும் ரத்தச் சிவப்பில் சொட்டச் சொட்ட நின்றன. நடுவில் இவர், கையெல்லாம் சிவப்பு. அந்த வழியாக சர்ச்சுக்குப் போன கார் ஒன்று மெதுவாகி, நின்று, வேகமாகக் கிளம்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்துவிட்டார். நல்ல உயரம், தொப்பி. ஒரு கை இடுப்பு வாரில்.

"மேடம், இங்கே என்ன நடந்தது?"

"ஃபெஸ்டிவல்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பலி ஏதாவது?"

"இல்லை, இல்லை. நன்றி சொல்கிறோம்."

"யாருக்கு?"

"மாட்டுக்கு."

"மாடு எங்கே?"

இந்த இடத்தில் என் ஆங்கிலம் நின்றுவிட்டது. நித்யா பைஜாமாவோடு வந்து, ஹாட் டாக்கில் போடுகிற மஞ்சள் மஸ்டர்டுக்கு நிறம் தருகிற அதே பொடிதான் இது, சோப்பு பட்டால் சிவக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அதிகாரி ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "ஹம்" என்றார். இனிமேல் நன்றியை வாயால் சொல்வது நல்லது என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பி வந்தது. வெள்ளை வரவில்லை. வேட்டியில் பட்ட மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. அப்படியே வெயிலில் விட்டிருந்தால் கத்தரிக்கும் காலத்துக்குள் கொஞ்சமாவது வெளுத்திருக்கும். ஆனால் அதிகாரி வந்து போன பயத்தில் எங்கள் வீட்டுக்காரர் மூன்றையும் பகலெல்லாம் கொட்டகைக்குள் அடைத்து வைத்தார். வெயில் விஷயம் எனக்கு உறைத்தபோது பாதிக் காலம் போய்விட்டது. மீதிக்கு மழை.

பிப்ரவரியில் டாரதி பார்க்க வந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஓ மை" என்றார். சங்கத்துப் பெண்கள் அவரவர் விருப்பத்துக்குச் சாயம் போடுவார்கள், அதற்கு வெள்ளைதான் வேண்டும் என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சந்தையில் ஒரு மேஜை போடு. யார் கண்டது?" ஊரில் "பார்க்கலாம்" என்று சொல்வார்களே, அதுதான் இது.

6

ஏப்ரலில் கத்தரித்தோம். முதுகு ரோமத்தைத் தனியாக எடுத்து, தூசு கிள்ளி, மூன்று பையிலும் பெயர் எழுதி, போட்டோ ஒட்டினேன். ஓக்லஹோமாக்காரர் அடுத்த வார இறுதியில் பிராணி ஏற்றும் டிரெய்லர் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். நித்யா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

சந்தையில் எங்கள் மேஜைக்குத்தான் கூட்டம். மற்ற மேஜையில் எல்லாம் வெள்ளை, பழுப்பு, கருப்பு. எங்களுடையது இளமஞ்சள், உள்ளே வெண்மை, நுனியில் கொஞ்சம் தூக்கல். "கார்ஜஸ்" என்றார்கள். என்ன சாயம் என்று கேட்டார்கள். மஞ்சள் என்றேன். இயற்கைச் சாயமா என்று ஒருத்தி பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமாம். ஆனால் சாயம் நிற்காது. வெயில் பட்டால் வெளுத்துவிடும்" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். அதற்கடுத்தவளும்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைத் தூணோரமாக இழுத்தார். "நீ ஏம்ப்பா சொல்ற? அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலீங்க."

"அப்பறம்?"

"தோச்சுப்போட்டு வந்து கேப்பாங்கல்ல."

"வந்தாப் பாத்துக்கலாம். அடுத்த வாரம் டிரெய்லர் வருது மல்லி. புள்ள மொகத்தப் பாரு."

பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் மார்ஷ்மெல்லோ பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் அப்பா அனுப்பிய திரைச்சீலை ஒரு தடவை சாயம் இறங்கி, மொத்தக் கன்டெய்னரும் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்தது. வீட்டில் அந்த வருடம் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த வாய் இது. நிற்காத சாயத்தை நிற்கும் என்று விற்க அதற்கு வராது. நான் திரும்பி வந்து, ஒரு அட்டையில் "வெயிலில் வெளுக்கும்" என்று ஆங்கிலத்தில் எழுதி மேஜைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு கூட்டம் இல்லை. அவர் காபி வாங்கப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

மற்ற மேஜைகளை மடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு பெண் வந்தாள். ஜீன்ஸ் சட்டை, நாற்பதுக்கு மேலிருக்கும். அட்டையைப் படித்தாள். போட்டோவைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு ரோமத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"எவ்வளவு நாளில் வெளுக்கும்?"

"வெயிலில் போட்டால் ஒரு கோடைதான். வீட்டுக்குள்ளே என்றால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உறுதியாகச் சொல்ல முடியாது."

"வீட்டுக்குள்ளேதான்" என்றாள். "என் அம்மாவுக்கு, நூற்றுப் போர்வை பின்ன. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எந்தப் போர்வையும் உறுத்துகிறது என்கிறாள். மஞ்சள் அவளுக்குப் பிடிக்கும்." ரோமத்திலிருந்து கையை எடுக்காமல், "ஒரு கோடை போதும்" என்றாள்.

கடையில் தள்ளுவண்டி இடித்தாலும் "சாரி"தான், இதற்கும் "சாரி"தான் என்றால் எப்படிச் சொல்வது? பையைத் தராசில் வைத்தேன். விலை சொன்னேன். முழு விலை. இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் கை நீண்டது. ஆனால் அவள் வாங்க வந்தவள், கேட்க வந்தவள் இல்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

"அம்மா," நித்யா என் முந்தானையைப் பிடித்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "டஸ் தட் கவுன்ட்?"

"ம்" என்றேன்.

பிறகு மற்ற இரண்டு பையையும் பிரித்தேன். முதுகின் நடுவிலிருந்து, இருப்பதிலேயே மெத்தென்றதாகப் பார்த்து இரண்டு கை நிறைய அள்ளி, அவள் பையில் வைத்து அமுக்கினேன். ஒரு பிராணியின் ரோமத்தை இன்னொன்றோடு சேர்க்கக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் சேர்த்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இந்த நாட்டில் யாரும் கொசுறு போடுவதில்லை.

"நீங்கள் எடை போட்டு முடித்துவிட்டீர்களே" என்றாள்.

"போர்வை கால் வரைக்கும் வர வேண்டும்" என்றேன்.